கொஞ்சம் தெரிவதுதான் தொல்லை

பார்வையற்றோர் மணிச் சத்தம் கேட்டு ஆடும் கோல்பாலுக்குப் பயிற்சி என்றால் முதல் முக்கால் மணி நேரம் பந்து பையை விட்டு வெளியே வராது. தரையில் முட்டி போட்டுக் கயிறு ஒட்டிக்கொண்டிருப்போம். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். மூன்று மீட்டருக்கு ஒரு குறுக்குக்கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கயிறு, அதன்மேல் 5 சென்டிமீட்டர் அகலத்தில் டேப். டேப்பை அழுத்தித் தேய்த்தால் நடுவில் கயிறு நரம்பு மாதிரி புடைத்து நிற்கும். அந்தக் கோடு பார்ப்பதற்காகப் போட்டதல்ல. ஆட்டத்தின் நடுவே நாம் எங்கே நிற்கிறோம் என்று காலும் கையும் தடவித் தெரிந்துகொள்வதற்காகப் போட்டது.

எங்கள் அணியில் இந்த வேலை என் தலையில்தான் விழுந்தது. காரணம், எனக்குக் ‘கொஞ்சம் தெரியும்’.

இந்தக் ‘கொஞ்சம் தெரியும்’ என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். சின்ன வயதில் இருட்டினால் தடுமாறுவேன், அவ்வளவுதான். கவனக்குறைவு என்று திட்டு வாங்கினேன். பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. இப்போது ஒரு குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது போல. குழாய்க்கு நேரே இருப்பது தெளிவாகவே தெரியும். பேருந்து எண்ணைப் படித்துவிடுவேன், ஏறும்போது படியில் இருக்கும் பை தெரியாமல் விழுவேன். படிப்பதைப் பார்த்தவர்கள் விழுவதை நம்ப மாட்டார்கள். விழுவதைப் பார்த்தவர்கள் படிப்பதை நம்ப மாட்டார்கள். இரண்டு பக்கமும் நடிக்கிறவன் என்ற பெயர்தான் மிச்சம்.

விளையாட்டில் ஆட்களைப் பி1, பி2, பி3 என்று பிரிப்பார்கள். முழுமையாகவோ கிட்டத்தட்ட முழுமையாகவோ பார்வை இல்லாதவர்கள் பி1. பார்வைப் புலம் 10 டிகிரி விட்டத்துக்கும் குறைவாக இருந்தால் பி2. 40 டிகிரிக்கும் குறைவாக இருந்தால் பி3. புலம் மட்டுமல்ல, பார்வைக் கூர்மைக்கும் தனி அளவு உண்டு. நான் பி3. நாளைக்கு பி2 ஆகலாம். இந்தப் பதவி உயர்வை நான் கேட்கவில்லை.

முதலில் போனது கிரிக்கெட்டுக்கு. பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1922-ல் மெல்போர்னில் பார்வையற்ற தொழிலாளர்கள் இருவர் ஒரு தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உருட்டி ஆடியதிலிருந்து தொடங்கியது என்பார்கள். இப்போது உள்ளே பால்பேரிங் குண்டுகள் போட்ட கடினமான பிளாஸ்டிக் பந்து. கையைத் தாழ்த்தி, தரையோடு வீச வேண்டும். பந்து போடுபவர் “ரெடி?” என்பார், மட்டையில் இருப்பவர் “யெஸ்” என்பார், “ப்ளே” என்ற சத்தத்தோடு பந்து கலகலத்துக்கொண்டு வரும். அருமையான ஆட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த ஆட்டத்தில் பார்வைக்கு ஒரு கணக்கு உண்டு. பதினொரு பேரில் குறைந்தது நான்கு பேர் பி1 ஆக இருக்க வேண்டும். பி1 ஆட்டக்காரர் எடுக்கும் ரன் இரண்டாகக் கணக்காகும். அவர் ஒரு துள்ளலுக்குப் பிறகு பிடித்தாலும் கேட்ச். நியாயமான ஏற்பாடுதான். பி3 ஆன எனக்கு எந்தச் சலுகையும் கிடையாது, நான்தான் அணியின் கண். மைதானத்தின் ஓரத்தில் நிறுத்துவார்கள். குழாய்க்குள் பந்து இருக்கும்வரை சரி. குழாயை விட்டு வெளியே போனால் எனக்கு அந்தப் பந்து உலகத்திலேயே இல்லை. வெளிச்சம் மங்கினால் அதுவும் போச்சு. நழுவவிட்ட ஒவ்வொரு பந்துக்கும் ஒரே வசனம்தான் கேட்கும்: “உனக்குத்தான் தெரியுமேப்பா!” ஒரு பருவம் ஆடிவிட்டு நின்றுவிட்டேன். அணியின் குற்றமில்லை. கேட்டு ஆடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, பார்த்து ஆடவும் என்னால் முடியவில்லை.

ஃபுட்பால் பக்கம் போகவே வழியில்லை. பாராலிம்பிக்கில் இருக்கும் ஐவர் ஃபுட்பாலில் களத்தில் ஓடும் நால்வரும் பி1. கோல்கீப்பருக்கு மட்டும் பார்வை உண்டு. பந்தை நோக்கிப் போகும் ஒவ்வொருவரும் “வோய்” என்று குரல் கொடுக்க வேண்டும். ஸ்பானிய மொழியில் ‘வர்றேன்’ என்பது போல. கொடுக்காவிட்டால் ஃபவுல். 2004 ஏதென்ஸ் தொடங்கி டோக்கியோ வரை ஐந்து தங்கத்தையும் பிரேசிலே வாங்கிக்கொண்டிருந்தது. 2024 பாரிஸில்தான் பிரான்ஸ் அந்த வரிசையை உடைத்தது. இறுதி ஆட்டம் அர்ஜென்டினாவோடு, பெனால்டி வரைக்கும் போனது. ஈஃபில் கோபுரத்தின் காலடியில் அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கோல் விழுந்ததும் வெடித்தார்கள். அதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

சரி, கோல்பாலுக்கு வருகிறேன்.

1946-ல் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் லோரன்சென், ஜெர்மனியின் செப் ரெய்ண்டில் என்ற இருவர் போரில் கண்ணை இழந்து திரும்பிய வீரர்களுக்காக உருவாக்கிய ஆட்டம் இது. 1976 டொரன்டோவில் பாராலிம்பிக் பதக்கப் போட்டியானது, பெண்களுக்கு 1984-ல். எனக்கு இதில் பிடித்த விஷயம், இது எந்த ஆட்டத்தின் மாற்று வடிவமும் அல்ல. பார்வையுள்ளவர்களுக்கென்று ஓர் ‘அசல்’ கோல்பால் எங்கேயும் கிடையாது. இதுதான் அசல். அப்புறம் இன்னொன்று: முதன்முதலில் ஆடியவர்கள் பார்த்துப் பழகி, பார்வையைத் தொலைத்தவர்கள். பாதியில் வந்து சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அது ஏதோ உறவு மாதிரி.

அணிக்கு மூன்று பேர். நடுவில் சென்டர், இரண்டு பக்கமும் விங். கோல் என்பது களத்தின் முழு அகலம், 9 மீட்டர். உயரம் 1.3 மீட்டர். பந்து கூடைப்பந்து அளவு இருக்கும், ஆனால் 1.25 கிலோ. காற்றடைத்த பந்தல்ல, கெட்டியான ரப்பர். மேலே ஓட்டைகள், உள்ளே மணிகள். எதிரணி அதைத் தரையோடு உருட்டி வீசும். நாம் மூவரும் பக்கவாட்டில் விழுந்து, கையையும் காலையும் நீட்டி, உடம்பையே சுவராக்கித் தடுக்க வேண்டும். தடுத்துக் கையில் எடுத்தால் பத்து விநாடிக்குள் திருப்பி வீசியாக வேண்டும். 12 நிமிடமாக இரண்டு பாதி. நன்றாக ஆடும் ஆண்கள் வீசினால் பந்து மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர் கையிலிருந்து நம் வயிற்றுக்கு வர ஒரு விநாடிகூட ஆகாது.

இதில் பி1, பி2, பி3 எல்லோரும் ஒன்றாக ஆடலாம். ஏனென்றால் எல்லோருக்கும் கண்ணை மூடிவிடுவார்கள். முதலில் கண்ணின் மேல் ஒட்டும் பஞ்சுத் துணி, அதற்குமேல் ஐஷேட். நீச்சல் கண்ணாடியைப் பெரிதாக்கிக் கருப்படித்த மாதிரி இருக்கும்.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு வயிறு கலங்கியது. நான் அத்தனை வருடம் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய குழாயை ஒருவர் கையால் அடைத்துவிட்டது போல. பந்து வந்தது. நான் விழவில்லை. தலையை அண்ணாந்து, மூக்குக்கும் ஐஷேடுக்கும் நடுவே ஏதாவது இடுக்குத் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். பந்து முழங்காலில் மோதிக் கோலுக்குள் போய்விட்டது.

“தம்பி, மூக்குக்குக் கீழே என்ன தேடுற?” என்றார் கோச்.

பழக்கம். பார்வை குறைகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் இருக்கும். தலையைச் சாய்ப்பது, கழுத்தைத் திருப்புவது, இருக்கும் அந்தத் துண்டுப் பார்வையைக் கொண்டு உலகத்தை ஒட்டுப்போடுவது. நாள் முழுக்க இதே வேலையாக இருப்பதால் காது சும்மா கிடக்கும். எங்கள் சென்டர் பிறவியிலேயே பார்வையில்லாதவர், என்னைவிட எட்டு வயது இளையவர். முதல் வாரமே அவர் பந்தை எடுத்து எங்கள் அரைக்களத்திலிருந்து என்னைப் பார்த்து உருட்டி, “எங்கே போச்சு அண்ணா?” என்று கேட்பார். நான் கையைக் காட்டுவேன். அவர் வந்து என் கையைப் பிடித்துத் திருப்பி வைப்பார். ஒருமுறை நான் காட்டிய திசையில் சுவர்தான் இருந்தது.

மூன்று மாதம் நான் அணியிலேயே மோசமான ஆள். பி3 என்பதால் நன்றாக ஆடுவேன் என்று நினைத்த எல்லோருக்கும் ஏமாற்றம். எனக்கு இடுப்பில் ஒரு பக்கம் முழுக்க நீலம். பந்து பட்டதால் அல்ல, தப்பான நேரத்தில் தரையில் விழுந்ததால்.

ஒருநாள் கோச் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். “ஐஷேடுக்குள்ள கண்ணைத் திறந்து வச்சிருக்கியா?”

திறந்துதான் வைத்திருந்தேன். துணி ஒட்டியிருந்தும், அதற்குமேல் கருப்பு இருந்தும், உள்ளே இமையை அகலத் திறந்து, நெற்றியைச் சுருக்கி, இருட்டுக்குள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக. எனக்கே அது தெரியாது. இவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “உன் தலை பந்துக்கு நேரா திரும்புது. கேக்கறவன் தலை கொஞ்சம் சாஞ்சிருக்கும். முகத்தை நேரா நீட்டமாட்டான்” என்றார்.

கண்ணை மூடச் சொன்னார். ஏற்கெனவே மூடிய கண்ணை மூடுவது வேடிக்கைதான். மூடினேன். நெற்றி தளர்ந்தது, தோள் இறங்கியது. அடுத்த பந்து வந்தபோது மணி மட்டுமல்ல, பந்து தரையைத் தேய்க்கும் சத்தமும் கேட்டது. அதற்கும் முன்னால் எதிரில் வீசியவரின் கடைசிக் காலடி. தொம். வலப்பக்கம். விழுந்தேன், பந்து தொடையில் வந்து மோதியது. வலித்தது. அப்படியொரு வலி அதற்கு முன்னால் கிடைத்ததே இல்லை.

அதற்குப் பிறகு ஆட்டம் வேறு ஆட்டமாகிவிட்டது. எவ்வளவு திருட்டுத்தனம் இதில் இருக்கிறது தெரியுமா! பந்தைப் பிடித்தவர் மணி அசையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பூனை மாதிரி நடந்து மறுபக்கம் போவார். அதேநேரம் பந்தில்லாதவர் இந்தப் பக்கம் தடதடவென்று ஓடிவருவார். நாம் இந்தப் பக்கம் சாய்ந்தால் பந்து அந்தப் பக்கம் வரும். சுழற்றிவிட்ட பந்து நேராக வருவது போல வந்து கடைசியில் ஓரத்துக்கு வளையும். துள்ளவிட்ட பந்துக்கு மணிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும், படுத்திருப்பவனின் இடுப்புக்குமேல் தாண்டிப் போய்விடும். துள்ள வைக்கவும் விதி உண்டு: வீசியவரின் பக்கம் ஆறு மீட்டருக்குள் பந்து தரையைத் தொட வேண்டும், இல்லையென்றால் ‘ஹை பால்’, பெனால்டி. நாங்கள் ஒன்பது மீட்டரை மனதுக்குள் எண் போட்டுப் பிரித்துக்கொள்வோம். சென்டர் “ஏழு, ஏழு” என்று கிசுகிசுத்தால் வீச்சு ஏழாம் மீட்டரிலிருந்து கிளம்புகிறது என்று அர்த்தம். சில சமயம் அவர் சொல்வதற்குள் பந்து வந்துவிடும், அது வேறு கதை.

இவ்வளவும் கேட்க வேண்டுமென்றால் அரங்கம் அமைதியாக இருக்க வேண்டும். ரெஃப்ரி “குவைட் ப்ளீஸ்” என்பார், விசில், “ப்ளே”. அதிலிருந்து அடுத்த விசில் வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. மின்விசிறிகூட ஓடக்கூடாது. தகரக் கூரையில் மழை விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும். ஓர் அரங்க நிர்வாகி நாங்கள் பயிற்சி செய்யும் நேரத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டு, “உங்களுக்கு எதுக்கு சார் லைட்டு?” என்று நல்ல மனதோடு கேட்டார். பந்து பொறுக்கிப் போடுகிறவர்களுக்கும் ரெஃப்ரிக்கும் கண் உண்டு என்று விளக்கினோம். விளக்கைப் போட்டார். மின்விசிறியையும் சேர்த்துப் போட்டார்.

என் முதல் போட்டிக்கு அக்கா வந்திருந்தாள். இரண்டாம் பாதி, ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறோம். என் பக்கம் வேகமாக ஒரு பந்து. விழுந்து தடுத்தேன், நெஞ்சில் பட்டுத் திரும்பியது. அந்த நொடியில் ஒரே ஒரு ஆள் கைதட்டும் சத்தம். தடுத்ததும் முடிந்துவிட்டது என்று அக்கா நினைத்துவிட்டாள். பந்து இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, என் முழங்கைக்குப் பின்னால் எங்கேயோ மெதுவாக உருண்டுகொண்டிருக்கிறது. மெதுவாக உருளும் பந்தின் மணி சிணுங்கத்தான் செய்யும். கைதட்டலில் அது காணாமல் போனது. நான் தரையைத் தடவுகிறேன், சென்டர் தடவுகிறார், விசில். கோல்.

முடிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ விழுந்து தடுத்தியா, எனக்கு அழுகையே வந்துடுச்சுடா.”

“அழாதே அக்கா. அதுக்கும் சத்தம் இருக்கு” என்றேன்.

கோபித்துக்கொண்டாள். அடுத்த ஆட்டத்துக்கும் வந்தாள், துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு. இப்போது பக்கத்தில் இருப்பவர்கள் கிசுகிசுத்தால் திரும்பி முறைக்கும் முதல் ஆள் அவள்தான். ‘ஐயோ பாவம், எப்படி ஆடுறாங்க பாரு’ என்று யாராவது சொன்னால் அந்தப் ‘பாவ’த்துக்காக அல்ல, சத்தத்துக்காகவே சண்டைக்குப் போவாள். எனக்கு அதுதான் வசதி.

டிவியில் பார்ப்பவர்களிடமும் ஒரு புகார் இருக்கிறது, வர்ணனையாளர்களைப் பற்றி. பாரிஸில் ஜப்பான் ஆண்கள் அணி தங்கம் வென்றது. துருக்கிப் பெண்கள் ரியோ, டோக்கியோவுக்குப் பிறகு மூன்றாவது முறையாக வென்றார்கள். அந்தப் பெண்கள் தடுப்பதைக் கேட்க வேண்டும் என்று ஹெட்போன் போட்டு உட்கார்ந்தால், பந்து உருளும் நேரம் முழுக்க யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அரங்கத்தில் ஆயிரம் பேர் மூடிய வாயை ஒருவர் திறந்து வைத்திருந்தால் எப்படி? விசிலுக்குப் பிறகு பேசக்கூடாதா?

பழைய பழக்கம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போன போட்டியில் வியர்த்து வழிந்து ஐஷேட் வழுக்கியது. கை தானாக மேலே போய் அதை ஏற்றிவிட்டது. ரெஃப்ரியிடம் கேட்காமல் ஐஷேடைத் தொட்டால் பெனால்டி. மற்ற இருவரும் வெளியே போய்விட வேண்டும், தப்புச் செய்தவன் தனியாக ஒன்பது மீட்டரையும் காக்க வேண்டும்.

கம்பத்தில் முதுகை வைத்து நடுவைக் கண்டுபிடித்தேன். பாதத்தால் கயிற்றைத் தடவிப் பார்த்தேன். “குவைட் ப்ளீஸ்.” இவ்வளவு அமைதியில் என் காதுக்குள் என் ரத்தம் ஓடுவதே கேட்டது, அதுவேறு இடைஞ்சல். எதிரே காலடி. ஒன்று, இரண்டு, சுழல். இவர் என் இடப்பக்கம்தான் போடுவார் என்று முன்பே முடிவு செய்துவிட்டு இடப்பக்கம் பாய்ந்தேன். பந்து வலப்பக்கம், அவசரமே இல்லாமல், மணியை நன்றாக ஆட்டிக்கொண்டு போனது. காது கேட்டதை நான் கேட்கவில்லை. வெளியே வந்ததும் சென்டர் சொன்னார்: “விழுறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இருந்துச்சு அண்ணா. நீங்க அதையும் எடுத்துக்கல.”

நேற்றும் வழக்கம்போல முட்டி போட்டுக் கயிறு ஒட்டினேன். சென்டர் பின்னாலேயே தவழ்ந்து, கோட்டின் மேல் விரல் ஓட்டிக்கொண்டே வந்தார். ஆறு மீட்டர் கோட்டில் நின்றார்.

“இங்கே வளைஞ்சிருக்கு அண்ணா.”

குனிந்து குழாய்க்குள் வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து டேப்பின் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். ஒரு சாண் நீளத்துக்குக் கயிறு இடப்பக்கம் நழுவியிருந்தது, டேப்புக்கு அடியில்.

உரித்துவிட்டு மறுபடி ஒட்டினோம்.